கொம்பு வந்த வழியே: கஸகஸ்தான் புல்வெளியில் எட்டு நாட்கள்

முதல் நாள், மே 11, 2025, அஸ்தானா

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சீன மருந்துக்கடை இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தாலும், வாய்ப்புண் வந்தாலும், வெயிலில் அலைந்து கண் எரிந்தாலும், எதிர்வீட்டு மூதாட்டி அந்தக் கடையிலிருந்து சிறு போத்தலில் அடைத்த தெளிந்த நீரை வாங்கி வந்து தருவார். உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பார். இளநீரும் வெந்தயமும் கொடுத்து வளர்த்த வீட்டிலிருந்து வந்த எனக்கு உடம்புச் சூடு என்ற சொல் புதிதல்ல. ஆகவே அன்போடு கொடுத்ததை அன்போடு வாங்கிக் குடித்தேன். அந்தப் பழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், அந்த நீரில் சேர்க்கப்படுவது சைகா என்னும் விலங்கின் கொம்பு என்பதையும், அந்தக் கொம்பு எங்கிருந்து எப்படி வருகிறது என்பதையும் தேடிப் படித்தேன். படித்தது போதவில்லை, நேரில் பார்க்க வந்திருக்கிறேன்.

தமிழில் மான் வேறு, இரலை வேறு. மானின் கொம்பு கிளைவிட்டு வளர்ந்து ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். இரலையின் கொம்பு கிளைப்பதுமில்லை, உதிர்வதுமில்லை. சைகா இரலை இனத்தைச் சேர்ந்தது. கோடியக்கரையிலும் கிண்டியிலும் நாம் காணும் வெளிமானுக்கு இது தூரத்து உறவு. இதன் கொம்பு தானாக விழாது என்பதால், கடைக்கு வரும் ஒவ்வொரு கொம்புக்கும் பின்னால் இறந்துபோன ஓர் ஆண் விலங்கு இருக்கிறது. பெண் சைகாவுக்குக் கொம்பு கிடையாது.

இன்று மாலை, சைகாப் பாதுகாப்பில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கும் ஓர் ஆய்வாளரைச் சந்தித்தேன். மேசையில் விரித்த வரைபடத்தில் மூன்று இடங்களை அவர் விரலால் வட்டமிட்டுக் காட்டினார். மேற்கே வோல்கா, உரால் ஆறுகளுக்கு இடைப்பட்ட வெளி. தென்மேற்கே உஸ்பெகிஸ்தான் வரை நீளும் உஸ்த்யுர்த் மேட்டுநிலம். நாட்டின் நடுவே பெத்பாக்தலா. கஸகஸ்தானின் சைகாக்கள் இந்த மூன்று கூட்டங்களாக வாழ்கின்றன. ரஷ்யாவின் கல்மீக்கியாவில் ஒரு கூட்டமும், மங்கோலியாவில் தனிக் கிளையினமும் உண்டு. மாமத யானைகள் உலவிய பனியுகத்தில் இங்கிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பரவியிருந்த விலங்கு இது என்று அவர் சொன்னபோது, வரைபடத்திலிருந்த அந்த மூன்று வட்டங்களும் எனக்கு மிகச் சிறியனவாகத் தெரிந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேட்டையால் ஏறக்குறைய அழிந்துவிட்ட சைகா, 1919இல் தொடங்கிய வேட்டைத் தடையால் மெல்ல மீண்டு, நூற்றாண்டின் நடுவில் பல லட்சங்களாகப் பெருகியது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தது. 2003இல் கஸகஸ்தான் முழுவதிலும் எஞ்சியவை ஏறத்தாழ 21,000. நாளை அந்த நிலத்துக்குப் புறப்படுகிறோம்.

இரண்டாம் நாள், மே 12, அர்கலிக்

நாள் முழுவதும் சாலைப் பயணம். அஸ்தானாவை விட்டு நீங்கியதும் இருபுறமும் உழுத நிலமே தொடர்ந்து வந்தது. 1954இல் தொடங்கிய கன்னிநிலத் திட்டத்தில் லட்சக்கணக்கான ஹெக்டேர் புல்வெளி கோதுமை வயலாக்கப்பட்ட வரலாற்றை அறிந்திருந்தேன். ஆனால் மணிக்கணக்காக வண்டி ஓடியும் வயல் முடியாதபோதுதான் அதன் அளவு மனத்தில் பதிந்தது. மதியத்துக்குப் பிறகு வயல்கள் குறைந்து, சாம்பல் பச்சை நிறத்தில் உண்மையான புல்வெளி தொடங்கியது.

அர்கலிக் பாக்சைட் சுரங்கத்துக்காக எழுந்த ஊர். விண்வெளியிலிருந்து திரும்பிய சோவியத் வீரர்கள் பலர் இதன் சுற்றுப்புற வெளிகளில்தான் தரையிறங்கினார்கள். 1990களில் வேலையும் சம்பளமும் நின்றுபோக, மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். சாளரங்கள் பெயர்க்கப்பட்ட மாடிக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. சைகாவின் அழிவை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் இந்தக் கட்டடங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டுப்பண்ணைகள் கலைந்து, மந்தைகள் விற்கப்பட்டு, கூலி நின்றுபோன குடும்பங்களுக்கு வெளியில் திரிந்த சைகா முதலில் உணவாயிற்று. பிறகு எல்லை திறந்து கொம்புக்கு விலை கிடைத்ததும் அதுவே பணமாயிற்று.

மூன்றாம் நாள், மே 13, துர்கைப் புல்வெளி

உவாஸ் எனப்படும் பழைய ரஷ்ய வண்டியில் விடியுமுன் புறப்பட்டோம். உடன் வரும் காவலருக்கு ஐம்பது வயது இருக்கும். கஸாக் மொழியில் மூத்தவரை அகா என்று அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். இருபுறமும் இறகுப்புல் வெள்ளியாக அலைந்தது. சக்கரம் ஏறிய இடமெல்லாம் மாசிப்பத்திரியின் கசப்பு மணம் எழுந்தது. தாழப் பறந்து சென்ற ஒரு பூனைப்பருந்தைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். தமிழ்நாட்டுப் புல்வெளிகளுக்கும் கரிசல் காடுகளுக்கும் குளிர்காலத்தில் வலசை வரும் அதே பறவை இங்குதான் கூடுகட்டுகிறது. ஊரார் ஒருவரைத் தொலைவான இடத்தில் கண்டதுபோல் இருந்தது.

அல்தின் தலா என்றால் பொன்வெளி என்று பொருள். 2012இல் அமைக்கப்பட்ட அல்தின் தலா இயற்கைக் காப்பகம் ஏறக்குறைய 4.9 லட்சம் ஹெக்டேர். சிங்கப்பூரைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். அரசும், கஸகஸ்தான் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சங்கமும், பிராங்க்ஃபர்ட் விலங்கியல் கழகம் முதலிய வெளிநாட்டு அமைப்புகளும் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சேர்ந்து செய்துவரும் பணியின் ஒரு பகுதி இது. அந்தக் கூட்டுமுயற்சிக்குச் சென்ற ஆண்டு எர்த்ஷாட் என்னும் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. ஆயினும் இத்தனை பெரிய நிலத்திலும் சைகாவின் ஆண்டு வலசை அடங்கிவிடுவதில்லை. குளிர்காலத்தில் தெற்கே பனி மெலிந்த பாலைப்பகுதிக்கும், வேனிலில் வடக்கே பசும்புல்லுக்குமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அது நடக்கிறது. காப்பகத்தின் எல்லையைக் கடந்த பிறகும் அதைக் காக்க வேண்டியிருப்பதால்தான், அகாவைப் போன்ற நடமாடும் காவல்குழுக்கள் ஒரு முறை வெளியே போனால் பத்துப் பதினைந்து நாட்கள் வெளியிலேயே தங்குகின்றன.

மதியம், காய்ந்த ஓடை ஒன்றின் கரையில் ஓர் ஆண் சைகாவின் எலும்புக்கூடு கிடந்தது. வேட்டையில் இறந்ததன்று. டிசம்பரில் இணைசேரும் பருவம் தொடங்கியதும் ஆண் விலங்குகள் ஏறக்குறைய மேய்வதையே விட்டுவிட்டு, பெண்கூட்டத்தைக் காப்பதிலும் மற்ற ஆண்களோடு மோதுவதிலும் மெலிந்துபோகின்றன; கடும்பனியில் அவற்றுள் பல மடிந்துவிடுகின்றன. அகா இடத்தைக் கருவியில் பதிவு செய்து, படமெடுத்து, கொம்புகளைத் தனிப் பையில் இட்டு எண் எழுதினார். தரையில் கிடந்த கொம்பை எடுத்து வீட்டில் வைத்திருப்பதும் இங்கே குற்றம். பையில் இடுமுன் ஒன்றை என் கையில் தந்தார். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம். மெழுகின் மஞ்சள் நிறம். வளையம் வளையமாக வரிகள். சூரியனுக்கு எதிரே பிடித்தபோது நுனிப்பகுதியில் ஒளி ஊடுருவியது. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன உறை. எத்தனை முறை நான் குடித்திருப்பேன் என்று அந்த இடத்தில் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை நினைவுக்கு வரவில்லை.

இரவு, பால் கலந்த தேநீரும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் சாப்பிட்டுக்கொண்டே அகா பேசினார். அவருடைய இளமையில் தம் வீட்டு அடுப்பிலும் சைகா இறைச்சி வெந்ததை மறைக்காமல் சொன்னார். மோட்டார் சைக்கிளில் துரத்துபவர்கள் விலங்கு களைத்து விழும்வரை துரத்துவார்கள். இரவில் விளக்கொளியைக் கண்ணில் பாய்ச்சிச் சுடுவார்கள். கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை அப்படியே விட்டுப் போவார்கள். அவர்களை மறிக்கும் வேலையில் உயிர்விட்டவர்களும் உண்டு. 2019 ஜனவரியில் காவலர் எர்லான் நுர்கலியேவ் வேட்டைக்காரர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் கானிஷ் நுர்தாசினோவ் என்னும் காவலரும் வேட்டைக்காரர்களின் தாக்குதலில் உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அந்தப் பெயர்களைச் சொன்னபோது அகா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஆண்களை மட்டும் கொல்வதால் விளையும் கேடு கொன்ற எண்ணிக்கையோடு நிற்பதில்லை. கல்மீக்கியாவில் வளர்ந்த ஆண்களின் பங்கு நூற்றில் ஒன்றிரண்டாகக் குறைந்தபோது, பெண் விலங்குகள் பல சினைப்படவே இல்லை. எஞ்சிய ஆணைச் சூழ்ந்துகொண்ட மூத்த பெண்கள் இளையவற்றை விரட்டியிருக்கக்கூடும் என்று 2003இல் வெளியான ஆய்வு கருதியது. இதைவிட என்னை வருத்திய செய்தி ஒன்று உண்டு. காண்டாமிருகத்தைக் காப்பாற்ற விரும்பிய பாதுகாப்பு ஆர்வலர்கள் சிலர், 1980களின் இறுதியில், காண்டாமிருகக் கொம்புக்குப் பதிலாகச் சைகாக் கொம்பைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தார்கள். அன்று பத்து லட்சத்துக்குக் குறையாத சைகாக்கள் இருந்தன. அது வற்றாத செல்வம் என்று எண்ணிவிட்டார்கள். நல்ல நோக்கத்தில் சொன்ன அந்தச் சொல் எத்தனை விரைவாகப் பிழையாயிற்று என்பதை, இன்றைய பெரிய எண்ணிக்கைகளைக் கண்டு நிம்மதியடையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நான்காம் நாள், மே 14

காலையிலிருந்து மழை. மண்பாதை களியாகிவிட்டதால் வண்டி நகரவில்லை. காவலர் குடிலிலேயே இருந்தோம்.

மழையைக் கண்டு அகா அமைதியிழந்தார். அடிக்கடி கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தார். காரணம் கேட்டபோது 2015 என்று மட்டும் சொன்னார். அந்த ஆண்டு மே மாதத்தில், நாங்கள் பார்க்க வந்திருக்கும் இதே பெத்பாக்தலாக் கூட்டத்தில், ஈனுவதற்காகக் கூடியிருந்த பெண் சைகாக்கள் மூன்று வாரங்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல் இறந்துபோயின. உலகில் அன்று இருந்த சைகாக்களில் பாதிக்கும் மேல் அது. சைகாவின் மூக்கிலும் தொண்டையிலும் தீங்கு செய்யாமல் குடியிருக்கும் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா, வழக்கத்துக்கு மாறான ஈரப்பதமும் வெப்பமும் நிலவிய அந்த நாட்களில் இரத்தத்தில் புகுந்து நச்சாக்கியது என்று பின்னர் நடந்த ஆய்வுகள் கண்டறிந்தன. காலையில் மேய்ந்துகொண்டிருந்த விலங்கு மாலைக்குள் விழுந்தது. நோய் புகுந்த கூட்டங்களில் ஏறக்குறைய ஒன்றுகூடத் தப்பவில்லை. தாய் இறந்ததை அறியாமல் மடியில் முட்டிய குட்டிகளும் பின்னாலேயே இறந்தன. புதைப்பதற்குக் குழி வெட்டும் எந்திரங்களைக் கொண்டுவந்து நாள் கணக்கில் வேலை செய்ததாக அகா சொன்னார். அந்தச் சொற்களை மொழிபெயர்த்துச் சொன்ன இளைஞர் நடுவில் சற்று நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

இப்படிப்பட்ட பேரிழப்பு 1981இலும் 1988இலும்கூட நிகழ்ந்திருக்கிறது. மந்தை பெரிதாக இருந்தால் அடிபட்ட பின்னும் எழ ஓர் எச்சம் இருக்கும். கள்ளவேட்டை மந்தையைச் சிறிதாக்கிவிட்டிருக்கும் காலத்தில் இத்தகைய நோய் வந்தால் எதுவும் மிஞ்சாது. ஆகவே காவல் என்பது துப்பாக்கியிலிருந்து காப்பதோடு முடிந்துவிடுவதில்லை. யாராலும் தடுக்க இயலாத ஒரு மே மாத மழைக்காக முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இருப்பு அது. இதை உணர்ந்தபிறகு, எண்ணிக்கை இப்போது போதும் என்று யாராவது சொன்னால் என்னால் எளிதில் ஒப்புக்கொள்ள முடியாது.

மாலையில் வானம் வெளுத்தது. குளிர்ந்த வடகாற்று வீசத் தொடங்கியதும் அகாவின் முகம் தெளிந்தது.

ஐந்தாம் நாள், மே 15

இன்று கண்டேன்.

அதிகாலை நான்கு மணிக்கு வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு, ஒரு மேட்டின் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டோம். எழுந்து நிற்கவோ உரக்கப் பேசவோ கூடாது. ஈனும் நாட்களில் ஒருமுறை மிரண்டு ஓடினாலும் தாயும் குட்டியும் பிரிந்துவிடக்கூடும் என்பதால், ஆய்வாளர்கள்கூட நேரத்தை அளந்துதான் உள்ளே போகிறார்கள். முதலில் ஒலிதான் வந்தது. மூக்கிலிருந்து எழும் கரகரப்பான தாழ்ந்த குரல் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாதபடி எல்லாப் பக்கமிருந்தும். வெளிச்சம் பரவப் பரவ, மண்ணின் நிறமே அசைவதாகத் தோன்றியது. தொலைநோக்கியில் பார்த்தபோது ஒவ்வொரு அசைவும் ஒரு சைகாவாயிற்று.

ஓர் ஆட்டின் அளவுதான், மெலிந்த கால்கள், வெளிர்ந்த மணல் நிறம். முகத்தில் தெரிவதெல்லாம் மூக்கு. யானைத் துதிக்கையின் தொடக்கம் போலக் கீழ்நோக்கி வளைந்து தொங்கும் அந்த மூக்கின் உள்ளறைகள், கோடையில் மந்தை கிளப்பும் புழுதியை வடிகட்டுகின்றன. பனிக்காலத்தில் நுரையீரலுக்குள் போகும் காற்றை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்குகின்றன. நடக்கும்போது தலையைத் தாழ்த்தியே நடக்கிறது. படங்களில் பார்த்தபோது விநோதமாகத் தெரிந்த அந்த முகம், இந்தக் காற்றிலும் இந்தப் புழுதியிலும் வைத்துப் பார்த்தபோது வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது என்று தோன்றியது.

எங்களிடமிருந்து முந்நூறு மீட்டர் தொலைவில் ஒரு பெண் சைகா கூட்டத்திலிருந்து விலகி, இரண்டு மூன்று முறை படுத்தெழுந்து, பின் படுத்தது. சிறிது நேரத்தில் எழுந்தபோது அதன் பின்னால் ஈரமான கருந்திட்டு ஒன்று தரையில் கிடந்தது. தாய் நக்கிக்கொண்டே இருந்து மறுபடி படுத்தது. இரண்டாவது குட்டி. சைகாவுக்கு இரட்டைக் குட்டிகள் மிக இயல்பு. தாயின் உடல் அளவோடு ஒப்பிட்டால் குட்டிகள் மிகப் பெரியவை. பிறந்து ஓராண்டு நிறையும்போதே பெண் சைகா தன் முதல் குட்டியை ஈனத் தொடங்கிவிடுகிறது. கொன்று குவிக்கப்பட்ட பின்னும், நோயில் விழுந்த பின்னும் இந்த இனம் எழுந்து நிற்பது இந்தப் பிறப்பின் விரைவால்தான். ஆனால் அந்த விரைவு 1990களிலும் இருந்தது. அன்று காவல் இல்லை.

ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாட்களுக்குள் கூட்டத்தின் பெரும்பாலான பெண்கள் ஈன்றுவிடுகின்றன. ஓநாய்க்கும் கழுகுக்கும் அந்தச் சில நாட்களில் தின்ன முடிவது கொஞ்சமே, மீதி பிழைத்துவிடுகிறது. குட்டிகள் முதல் சில நாட்கள் தரையோடு தரையாகக் கழுத்தை நீட்டிப் படுத்து, அசையாமல் கிடக்கின்றன. தாய் மேயப் போய் நாளில் சில முறை மட்டும் வந்து பால் கொடுக்கிறது. திரும்பி நடக்கையில் என் காலிலிருந்து இரண்டடி தொலைவில் ஒரு குட்டி படுத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. அகா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கரிய கண் ஒன்று திறந்திருந்தது. மூச்சு மட்டும் விலாவில் ஏறி இறங்கியது. சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனோம்.

சென்ற ஆண்டுக் கணக்கெடுப்பில் கஸகஸ்தானில் மட்டும் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட சைகாக்கள் இருந்தன. 2002இல் மிக அருகிய இனம் என்று அறிவிக்கப்பட்ட சைகாவை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில் அச்சுறு நிலைக்கு அண்மித்த இனமாகத் தரம் மாற்றியது. பாலூட்டிகளின் வரலாற்றில் இப்படி ஒரு மீட்சி மிக அரிது. இன்று காலை நான் பார்த்தது அந்த எண்ணிக்கையில் ஒரு சிறு துளிதான். அதுவே என் கண்ணுக்கு எட்டிய வெளியெல்லாம் நிறைந்திருந்தது.

ஆறாம், ஏழாம் நாட்கள், மே 16, 17

அர்கலிக் வழியாக அஸ்தானாவுக்குத் திரும்பி, அங்கிருந்து விமானத்தில் மேற்கே ஒரால் நகரம் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் பயணப்பைகளை மோந்து சென்ற நாய் ஒன்றைப் பார்த்தேன். அது எதைத் தேடியது என்று அறியேன். ஆனால் சைகாக் கொம்பின் மணத்தை அறியவும் இந்நாட்டில் நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடி, காட்டிலிருந்து எடுக்கப்பட்ட சைகாவின் உறுப்புகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதற்கான ஒதுக்கீட்டைச் சுழியமாக்கியது. ஏற்கெனவே நாடுகளுக்குள் சேர்ந்துவிட்ட இருப்பை அந்த முடிவு தொடவில்லை. அதனால்தான் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இன்னமும் போத்தல்கள் அடுக்கில் நிற்கின்றன. புதிதாகக் கடத்தி வந்த கொம்பு எது, பழைய இருப்பு எது என்று போத்தலைப் பார்த்துச் சொல்ல வாங்குபவரால் இயலாது.

எட்டாம் நாள், மே 18, மேற்குக் கஸகஸ்தான்

நாட்டின் சைகாக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த மேற்குப் பகுதியில் வாழ்கின்றன. இவற்றுக்காகவே 2022இல் பொக்கெய் ஓர்தா, அஷியோசெக் காப்பகங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் இது துர்கைப் புல்வெளியைப் போல ஆளரவமற்ற வெளியன்று. ஊர்களும் பண்ணைகளும் உலர்புல் வயல்களும் உண்டு. இன்று ஒரு பண்ணையாரின் வீட்டில் பகல் முழுவதும் இருந்தேன். அவருடைய சொற்களை எழுதாமல் இந்தப் பயணக் குறிப்பை முடிப்பது நேர்மையாகாது.

மாடுகளுக்காக வெட்டிய குளத்துக்குச் சைகாக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடித்துவிட்டுப் போகின்றன. குளிர்காலத் தீவனத்துக்கு விட்டுவைத்த புல்லை மேய்வதைவிட மிதித்து அழிப்பதே அதிகம். வறண்ட ஆண்டுகளில் தீவனத்தை வெளியிலிருந்து விலைக்கு வாங்க நேர்ந்து, மந்தையில் ஒரு பகுதியை விற்றிருக்கிறார். 2022இல் 80,000 சைகாக்களைக் கொல்ல முன்மொழியப்பட்டு அது கைவிடப்பட்டதையும், 2023 இலையுதிர்காலத்தில் அரசே எண்ணிக்கையைக் குறைக்க அனுமதித்து, சில மாதங்களில் அதை நிறுத்தியதையும் அவர் வரிசையாகச் சொன்னார். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு முடிவு வந்தால் எத்தனை மாடு வளர்ப்பது என்று தாம் எப்படித் திட்டமிடுவது என்று கேட்டார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இழந்த தீவனத்துக்கு உரிய காலத்தில் ஈடு கிடைத்தால் அவருடைய கோபத்தில் பெரும்பகுதி தணியும் என்றே நான் நினைக்கிறேன். இறைச்சியும் கொம்பும் சட்டப்படி விற்பனைக்கு வந்தால் அந்தப் பணத்தில் ஈடு கொடுக்கலாம் என்று வாதிடுவோரும் இங்கே இருக்கிறார்கள். அந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் 1980களின் இறுதியில் சொல்லப்பட்ட அந்தப் பரிந்துரை நினைவுக்கு வருகிறது. சட்டக் கொம்பையும் களவுக் கொம்பையும் பிரித்தறியும் வழி கடைவரை உறுதியாக எட்டாதவரை, எனக்கு அதில் அச்சமே மிஞ்சுகிறது.

சிங்கப்பூரில் இந்தக் கொம்பை என்ன செய்கிறார்கள் என்று அவர் கேட்டார். சீவித் தண்ணீரில் காய்ச்சிக் காய்ச்சலுக்குக் குடிக்கிறார்கள் என்றேன். நானும் குடித்திருக்கிறேன் என்றும் சொன்னேன். காய்ச்சல் இறங்கியதா என்று கேட்டார். சில நாட்களில் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும் என்றேன். தலையசைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் குளக்கரைக்கு அழைத்துப் போனார். நீர்மட்டத்தை அளக்க அவர் நட்டுவைத்திருந்த கோலில் போன வாரத்துக் குறிக்கும் இன்றைய நீருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. எதிர்க்கரையில் பெண் சைகாக்கள் வரத் தொடங்கின. பின்னால் நடை பழகாத குட்டிகள். பண்ணை நாய் குரைக்க ஆரம்பித்ததும் அவர் பேரனைக் கூப்பிட்டார். சிறுவன் ஓடிப்போய் நாயைப் பிடித்து, வேலிக் கம்பத்தில் கட்டினான். ஈனும் பருவம் முடியும்வரை நாய்களைக் கட்டித்தான் வைக்கிறோம், இன்று எப்படியோ அவிழ்ந்துவிட்டது என்றார். அவருடைய மாடுகள் சற்றுத் தள்ளிக் காத்து நின்றன. சைகாக்கள் குடித்து முடித்து, புழுதி எழ மேற்கே போகும்வரை நாங்கள் மூவரும் அசையாமல் நின்றிருந்தோம்.